நித்திரைக் குளிசையும் நாலு மாதம் பத்து நாளும்

பொத்துவிலில் இந்தக் குளிசைக்குப் பல பெயர்கள். நித்திரைக் குளிசை என்பார்கள். படபடப்புக் குளிசை, நரம்புக் குளிசை என்றும் சொல்வார்கள். வயதான உம்மாமார் சிலர் இன்னமும் ‘வேலியம்’ என்று பழைய கம்பனிப் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். ஆஸ்பத்திரித் துண்டில் எழுதப்படும் பெயர் டயஸிபாம். மௌத்து வீட்டிலும், சண்டைக்குப் பயந்து ஓடிப்போய்த் தங்கிய பள்ளிக்கூடத்திலும், சுனாமிக்குப் பிறகு போட்ட கூடாரத்திலும் யாராவது ஒருவர் கையில் இது இருந்திருக்கிறது. மயங்கி விழுந்த பெண்ணின் முகத்தில் தண்ணீர் தெளித்து, தேசிக்காய்த் தண்ணீர் பருக்கி, ஒரு குளிசையையும் கொடுத்துப் படுக்க வைப்பது எமது பகுதியில் ஆறுதல் சொல்லும் முறைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. சமூகவியல் படித்துவிட்டு, பொத்துவில், கோமாரி, திருக்கோவில் பக்கங்களில் யுத்தத்தாலும் கடலாலும் கணவரையோ பிள்ளைகளையோ இழந்த பெண்களோடு வேலை செய்கிறேன். வீடுகளுக்குப் போகும்போது “என்ன மருந்து பாவிக்கிறீங்க?” என்று கேட்பது எங்கள் வழக்கம். ஒரு சொப்பின் பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டுவார்கள். பிரஷர் குளிசை இருக்கும், சீனி வருத்தத்துக்கான குளிசை இருக்கும், பனடோல் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், மடித்த ஒரு கடதாசிப் பக்கட்டில், இந்தச் சின்னக் குளிசைகளும் இருக்கும். “இது எப்ப இருந்து?” என்று கேட்டால் யாரும் மாதக் கணக்கில் பதில் சொல்வதில்லை. “அவர் மௌத்தானதில இருந்து” என்கிறார்கள். “கடல் வந்ததில இருந்து” என்கிறார்கள்.

கடல் வந்தது 2004 டிசெம்பர் 26ஆம் திகதி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் அன்று இறந்தார்கள். அதற்குப் பிறகு, 2006 செப்டெம்பரில், பொத்துவிலுக்கு அருகே குளத்து வேலைக்குப் போன 10 முஸ்லிம் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்னர் 1990 இருக்கிறது. அந்த வருடத்தைப் பற்றி எமது வாசகிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; முஸ்லிம் ஊருக்கும் தமிழ் ஊருக்கும் அதில் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. இத்தனையும் நடந்த ஊரில் பெண்களுக்கு நித்திரை வராததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஓரிரு இரவுகளுக்கென்று கொடுத்த ஒரு குளிசை, சில வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் முடிக்கும் வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கு பேச வேண்டியிருக்கிறது.

இது என்ன மருந்து?

எமது மூளையில் ‘காபா’ என்ற ஓர் இரசாயனப் பொருள் இயல்பாகவே இருக்கிறது. நரம்புகள் ஒன்றையொன்று உசுப்பிக்கொண்டே இருக்காமல் அடக்கி வைப்பது அதன் வேலை. டயஸிபாம் அந்தக் காபாவின் வேலையைக் கூட்டிக் கொடுக்கிறது. அதனால்தான் குளிசை போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சுப் படபடப்பு குறைகிறது, இறுகிய தசைகள் தளர்கின்றன, கண் சொக்குகிறது. டயஸிபாம் ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. குளோனஸிபாம், லொறஸிபாம், அல்பிறஸோலாம் எல்லாம் அதன் சகோதரங்கள். ‘பாம்’ என்றோ ‘லாம்’ என்றோ பெயர் முடிந்தால் அது இந்தக் குடும்பமாக இருக்கலாம் என்று நினைத்து, அதைத் தந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சுவிற்சர்லாந்தின் ஹொஃப்மன் லா றோஷ் கம்பனியில் வேலை செய்த லியோ ஸ்ரேர்ன்பாக் என்ற இரசாயன அறிஞர்தான் இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தவர். முதலாவது குளிசை 1960இல் வந்தது. வேலியம் 1963இல் வந்தது. 1969 தொடக்கம் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்து அதுதான். 1978இல் மட்டும் அங்கு 200 கோடிக்கும் மேற்பட்ட வேலியம் குளிசைகள் விற்கப்பட்டன. இந்தியாவில் ரன்பக்ஸி கம்பனி 1969இல் இதே மருந்தை ‘கம்போஸ்’ என்ற பெயரில் கொண்டு வந்தது.

இதை நல்ல மருந்து அல்ல என்று நான் சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டயஸிபாம் இருக்கிறது. வலிப்பு வந்து நிற்காமல் துடிக்கும் பிள்ளைக்கு ஊசியாகவோ மலவாசல் வழியாகவோ இதைக் கொடுத்துத்தான் வலிப்பை நிறுத்துகிறார்கள். வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினி உடம்பில் ஏறி வலிப்பு வந்தவருக்கும் இது கொடுக்கப்படுகிறது. ஏற்புவலியில் உடம்பு வில்லாக வளையும்போது தசையைத் தளர்த்துவது இது. நெடுநாள் குடித்தவர் குடியை விடும்போது கை நடுங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உயிராபத்துக்குப் போகாமல் காப்பாற்றுவதும் இந்தக் குடும்பத்து மருந்துகளே. சத்திரசிகிச்சைக்கு முன்னர் பயம் தணியவும் கொடுப்பார்கள். கடுமையான பதற்றத்தில் சாப்பிடவோ இருக்கவோ முடியாமல் தவிப்பவருக்கு, வேறு மருந்தோ உளவளத்துணையோ வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும், சில நாட்களுக்குப் பாலம் போலக் கொடுப்பதும் உண்டு.

இந்தப் பாவனைகளில் பெரும்பாலானவை நாள்கணக்கிலேயே முடிந்துவிடுவதைக் கவனியுங்கள். பதற்றத்துக்கு இதைக் கொடுப்பதென்றால் 2 தொடக்கம் 4 கிழமைகளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களுக்கு அறிவித்துவிட்டது.

இத்தாவும் குளிசையும்

கணவர் மௌத்தான பெண் இத்தா இருக்கும் காலம் நாலு மாதமும் பத்து நாளும். கிழமைக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 18 கிழமை. நான் பார்த்த பல வீடுகளில் இந்தக் குளிசை நிரந்தரமானது அந்தக் காலத்தில்தான். ஜனாஸா எடுத்த இரவு யாரோ ஒருவர் ஒரு குளிசை கொடுக்கிறார். இரண்டாம் நாள் ஒரு மைத்துனர் ஆஸ்பத்திரியில் சொல்லித் துண்டு எடுத்து வருகிறார். அதன் பிறகு மகனோ தம்பியோ பாமசிக்குப் போய் அதே பழைய துண்டைக் காட்டி வாங்குகிறார்கள். சில இடங்களில் துண்டே கேட்பதில்லை. மருத்துவரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஆனால் பத்துக் குளிசை கேட்டால் எண்ணிக் கொடுக்கிற கடை எந்த ஊரிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

இதில் டொக்டர் அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தா முடிந்து அவள் வெள்ளை உடுப்பை மாற்றும்போது, மூளை அந்தக் குளிசைக்கு முழுதாகப் பழகியிருக்கும். மருத்துவம் போட்ட எல்லையைத் தாண்டி 14 கிழமை ஆகியிருக்கும். இத்தாவில் இருக்கும் பெண் நோய்க்காக மருத்துவரிடம் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள், அவரே சொல்லுவார். வெட்கமாக இருந்தால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமாவது சொல்லலாம்.

2013இல் உலக சுகாதார நிறுவனம் அதிர்ச்சிக்கும் இழப்புக்கும் உள்ளானவர்களுக்கான வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. அதைப் படித்தபோது எமது ஊருக்கென்றே எழுதியது போலிருந்தது. நெருங்கியவரை இழந்து துக்கத்தில் இருப்பவருக்கு, அவருக்கு வேறு மனநோய் இல்லாவிட்டால், இந்தக் குடும்பத்து மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்கிறது அது. அதிர்ச்சியான சம்பவம் நடந்த முதல் மாதத்தில் பயத்துக்கோ நித்திரையின்மைக்கோ இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. துக்கம் ஒரு நோய் அல்ல. அழுது, பேசி, நினைத்து, பயந்த இடத்தைத் திரும்பவும் ஒரு நாள் பார்த்து மனம் மெல்லமெல்லப் பழக வேண்டியிருக்கிறது. குளிசை அந்த வேலையைத் தள்ளி வைக்கிறது. தள்ளி வைத்த வேலை காத்துக்கொண்டிருக்கும்.

திருக்கோவில் பக்கத்து அம்மா ஒருவர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். அவருடைய மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். ஜனாஸாவும் இல்லை, செத்தவீடும் இல்லை, திவசத்துக்கு ஒரு திகதியும் இல்லை. “குளிசை போட்டா மகன் கனவில வாறதில்ல பிள்ளை. நித்திரை கிடைக்குது, ஆனா அவன் வாறானில்ல” என்றார். இந்த மருந்துகள் தரும் நித்திரை வழமையான நித்திரை போன்றதல்ல. கனவு காணும் பகுதியையும் ஆழ்ந்த பகுதியையும் அவை குறைத்துவிடுகின்றன. அந்த அம்மாவுக்கு அது பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது.

மூளை பழகிப் போவது

நாள்தோறும் வெளியிலிருந்து அமைதி வந்துகொண்டிருந்தால், மூளை தன்னுடைய சொந்த அமைதியைக் குறைத்துக்கொள்ளும். சில கிழமைகளிலேயே இது தொடங்கிவிடுகிறது. முன்பு அரைக் குளிசையில் வந்த நித்திரை பிறகு ஒரு குளிசையிலும் வருவதில்லை. ஒரு நாள் தவறினால் முன்பிருந்ததைவிடக் கூடுதலான படபடப்பு. “பாத்தீங்களா மிஸ், குளிசை இல்லாட்டி எனக்கு ஏலாது” என்கிறார்கள். அது பழைய வருத்தம் திரும்பி வந்தது என்று நினைக்கிறார்கள். பல வேளைகளில் அது குளிசை இல்லாததால் வரும் வருத்தம்.

நெடுநாள் பாவிப்பவர்களிடம் நான் அதிகமாகக் கேட்கும் முறைப்பாடு மறதி. ஒரு ராத்தா, தொழுகையில் எத்தனை றக்அத் ஆனது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடுவதாகச் சொல்லி அழுதார். ஈமான் குறைந்துவிட்டதோ என்று அவருக்குப் பயம். ஒவ்வொரு இரவும் இரண்டு குளிசை போட்டுக்கொண்டு வந்தவர் அவர். புதிய விடயங்களை மனதில் பதிய வைப்பதை இந்த மருந்துகள் குறைக்கின்றன என்பது நன்றாகத் தெரிந்த விடயம். அவரிடம் நான் அதைத்தான் சொன்னேன்.

டயஸிபாம் உடம்பை விட்டு மிக மெதுவாகவே போகும். போட்ட அளவில் பாதி குறையவே ஒரு நாள் தொடக்கம் இரண்டு நாள் செல்லும். அது உடைந்து உருவாகும் இன்னொரு பொருள் அதைவிடவும் அதிக நேரம் தங்கும். வயது போனவர்களில் இன்னும் தாமதம். நேற்றையது மிச்சம் இருக்க இன்றையது சேர்கிறது. சுபஹுக்கு முன் இருட்டில் எழும்பி வுழு எடுக்கக் கிணற்றடிக்குப் போகும் உம்மம்மாவுக்குக் கால் தடுமாறுவது வயதால் மட்டுமல்ல. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் எல்லோரும் வழுக்கும் சீமெந்தையே குறை சொன்னார்கள். அவருடைய மருந்துப் பையை யாரும் பார்க்கவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இவற்றை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டல்கள் சொல்வது இந்த விழுகைகளுக்காகவும்தான்.

கர்ப்பிணிப் பெண் இதைத் தொடர்ந்து பாவித்தால், பிரசவத்தை நெருங்கும் காலத்தில் குறிப்பாக, பிறக்கும் பிள்ளை தளர்ந்துபோய், பால் குடிக்கவும் சக்தியில்லாமல் இருக்கலாம். தாய்ப்பாலிலும் இது போகும். கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாகவே நிறுத்திவிடாமல் உடனே கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

சீனி, கோப்பித்தூள் கைமாற்றுவது போல இந்தக் குளிசையும் வேலிக்கு மேலால் கைமாறுகிறது. பரீட்சைக்குப் பயந்த மகளுக்குப் பாதி, நித்திரை வராத மருமகனுக்கு ஒன்று. அந்த மருமகன் விடியற்காலையில் ஆட்டோ ஓட்டுபவர் என்றால் என்னவாகும்? இதனோடு சாராயமோ கசிப்போ சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகலாம். ட்ரமடோல் போன்ற கடும் வலிக் குளிசைகளோடு சேர்ந்தாலும் அதே ஆபத்து. அந்த ட்ரமடோல் இப்போது எமது கரையோர ஊர்களில் பொடியன்மாரின் கையில் எப்படிப் புழங்குகிறது என்பது தாய்மாருக்குத் தெரியும். ஆகவே குளிசையைப் பிள்ளைகளின் கையெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அலுமாரியில் பூட்டி வையுங்கள்.

யாருக்கு நிம்மதி?

இது என் சொந்தக் கருத்து. வாசகிகள் ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம்.

1970இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வேலியத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. 35 வயதான, கலியாணம் முடிக்காத ஒரு பெண்ணின் பல வருடப் புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஒவ்வோர் ஆண். பிறகு அவள் தனியே. தனக்கேற்ற ஆணைக் கண்டுபிடிக்காததுதான் அவளுடைய நோய் என்றும், அதற்கு மருந்து வேலியம் என்றும் அந்த விளம்பரம் சொன்னது. அந்தக் காலத்தில் மேற்கு நாடுகளில் இந்தக் குளிசையைப் பாவித்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெற்றி ஃபோர்ட், குடிக்கும் மருந்துக் குளிசைகளுக்கும் அடிமையாகி 1978இல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அதை மறைக்காமல் நாட்டுக்குச் சொன்னார். வெள்ளை மாளிகையில் இருந்த பெண்ணுக்கும் இதே கதைதான்.

பொத்துவிலில் யாரும் விளம்பரம் செய்யவில்லை. ஆனாலும் அழும் பெண்ணை வீட்டால் தாங்க முடிவதில்லை. இரவில் எழும்பி நடப்பவள், உரத்துக் கதைப்பவள், நட்டஈடு எங்கே, காணி எங்கே, என்ட புள்ள எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்பவள் மற்றவர்களின் நித்திரையையும் கெடுக்கிறாள். குளிசை போட்டதும் வீடு அமைதியாகிவிடுகிறது. யாருடைய நிம்மதிக்காக அந்தக் குளிசை என்று கேட்க எனக்குச் சில வீடுகளில் வாய் வரை வந்திருக்கிறது.

கிழமைக் கடன் கட்டும் நாளுக்கு முதல் இரவு மட்டும் குளிசை போடும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கடன் சேர்க்கும் பொடியன் வாசலில் நிற்பான் என்ற பயம். அவளுக்குத் தேவைப்பட்டது கடனை மறுசீரமைக்க யாராவது ஒருவர் கூடவே அலுவலகத்துக்குப் போவது. நாங்கள் போனோம். தவணை குறைந்தது. குளிசையும் தானாகவே குறைந்தது. எல்லாப் பிரச்சினையும் இப்படித் தீர்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

டொக்டர்மாரை மட்டும் குற்றம் சொல்லவும் என் மனம் இடம் கொடுக்கவில்லை. வெளிநோயாளர் பிரிவில் விடியற்காலையிலிருந்து நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிய விடயம். இரண்டு நிமிடத்தில் ஒரு பெண்ணின் 1990ஐக் கேட்க முடியாது, ஒரு துண்டு எழுதலாம். பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். பஸ்ஸில் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும்.

திடீரென்று நிறுத்த வேண்டாம்

இதுவரை படித்துவிட்டு, பையில் இருக்கும் குளிசையை இன்றைக்கே குப்பையில் போட நினைக்கும் வாசகி யாராவது இருந்தால், தயவுசெய்து இந்தப் பகுதியைப் படித்து முடியுங்கள்.

பல வருடங்கள் ஒவ்வோர் இரவும் இந்தக் குளிசை போட்டு வந்த ஒரு ராத்தா, நோன்பு தலைப்பிறையோடு அதை விட்டுவிட நிய்யத்து வைத்தார். முதல் மூன்று நாள் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நித்திரை அறவே போனது. கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, சின்னச் சத்தமும் காதில் இடியாக விழுந்தது. ஏழாம் நோன்பன்று வலிப்பு வந்தது. வாழ்நாளில் அவருக்கு வலிப்பு வந்ததே இல்லை. வீட்டார் முதலில் ஓதிப் பார்க்கத்தான் கூட்டிப்போனார்கள். குளிசை நின்று ஒரு கிழமை ஆகியிருந்ததால் யாருக்கும் அதனோடு தொடர்புபடுத்தத் தோன்றவில்லை. டயஸிபாம் உடம்பிலிருந்து மெதுவாகப் போவதால் நிறுத்திய விளைவும் இப்படித் தாமதித்தே வரும். அல்பிறஸோலாம் போன்றவற்றில் ஒன்றிரண்டு நாளிலேயே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி மருந்துப் பையைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே விளங்கியது. அந்த ராத்தா சுகமானார். இப்போது அவர் குளிசை இல்லாமலே நோன்பு பிடிக்கிறார், ஆனால் அங்கு போய்ச் சேர அவருக்கு ஒரு வருடத்துக்குக் கிட்டச் சென்றது.

அந்த ஒரு வருடம் வீண் அல்ல. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஹெதர் அஷ்டன் என்ற பெண் பேராசிரியர், இந்தக் குளிசைகளிலிருந்து விடுபட விரும்பியவர்களுக்கென்றே 1982 தொடக்கம் 12 வருடங்கள் ஒரு கிளினிக் நடத்தினார். நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு அவர் கற்றது, மெதுவாக, மிக மெதுவாகக் குறைக்க வேண்டும் என்பதே. ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு அளவில் குறைத்து, உடம்பு அதற்குப் பழகும் வரைக்கும் ஒன்றிரண்டு கிழமை பொறுத்து, அடுத்த பங்கைக் குறைப்பது. இன்றைய மருத்துவ வழிகாட்டல்களும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. இன்னும் மெதுவாகப் போனாலும் தவறில்லை என்கின்றன. எவ்வளவு குறைப்பது, எந்த வேகத்தில் என்பதை உங்கள் வயது, பாவித்த காலம், மற்ற வருத்தங்களைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும். வலிப்பு நோய்க்காக குளோனஸிபாம் எடுப்பவர்கள் தாங்களாக ஒரு துண்டுகூடக் குறைக்கக் கூடாது.

மனநலக் கிளினிக்கில் தரும் எல்லாக் குளிசையும் இந்தக் குடும்பம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுஒக்ஸற்றின், சேர்ட்ரலின் போன்றவை வேறு வகை. அவை வேலை செய்யவே சில கிழமைகள் எடுக்கும், மாதக்கணக்கில் பாவிக்க வேண்டிவரும், அது பிழையல்ல. காதில் குரல் கேட்கும் வருத்தத்துக்குத் தரும் றிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்றவையும் வேறு. “குளிசை கூடாதாம்” என்று கேள்விப்பட்டு இவற்றை நிறுத்தி, வருத்தம் முற்றிப் போனவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

குறைக்கும் காலத்தில் இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும். கனவுகள் கூட்டமாகத் திரும்பி வரும். கெட்ட கனவுகளும் வரும். அது மூளை தன் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அடையாளம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். எந்த நேரம் படுத்தாலும் சுபஹுக்கு ஒரே நேரத்தில் எழும்புவது, அஸருக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் குடிக்காமல் விடுவது, நித்திரை வராவிட்டால் பாயில் புரளாமல் எழும்பி வந்து உட்கார்ந்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பப் படுப்பது, இவை சின்ன விடயங்களாகத் தெரிந்தாலும் நித்திரைக்கான சிகிச்சையில் டொக்டர்மாரே சொல்லிக் கொடுப்பவை. எங்கள் குழுவில் ஐந்து பேர் ஒரே காலத்தில் குறைக்கத் தொடங்கினார்கள். மூன்று முஸ்லிம் பெண்கள், இரண்டு தமிழ்ப் பெண்கள். நடுச்சாமத்தில் ஒருவருக்கொருவர் மிஸ்ட் கோல் அடிப்பார்கள். திரும்ப மிஸ்ட் கோல் வந்தால் மற்றவளும் முழிச்சிருக்கிறாள் என்று அர்த்தம். “அது போதும் கா” என்றாள் ஒருத்தி. நாலு பேர் முற்றாக விட்டுவிட்டார்கள். ஐந்தாமவர் இரவுக்குக் காற்குளிசையில் நிற்கிறார். அவருடைய டொக்டர் அவசரப்படுத்தவில்லை, நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள மருந்தெல்லாம் உள்ள பையை அப்படியே கொண்டு போங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. எப்போதிருந்து, ஓர் இரவுக்கு எத்தனை என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்திலும் சொல்லிவிடலாம். பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தாலும் சரி. குளிசையின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், எத்தனை நாளைக்கு என்றும் கேளுங்கள். கதைக்க யாரும் இல்லாத இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழில் கதைக்கலாம். வலிப்பு வந்தாலோ, குளிசை கூடுதலாக உட்கொண்டவர் எழுப்பியும் எழும்பாவிட்டாலோ 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. ஆளைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் பக்கத்திலேயே இருங்கள். வெறும் பக்கட்டாக இருந்தாலும் அந்தக் குளிசைப் பக்கட்டையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.